வளைவுக்குள் முன்னால் போனவன்

இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. என் உடம்பு பட்டது. பேயெல்லாம் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதைப் படியுங்கள். நடந்தது பட்டப்பகலில்.

ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் மேல் ஒரு பெரிய இரும்புப் பாலம். ஓயாமல் வண்டிகள் பறக்கும் நெடுஞ்சாலை. அதைத் தாங்கும் வளைவு, வெளியிலிருந்து பார்த்தால் கெட்டி இரும்பு மாதிரி இருக்கும். உள்ளே வெறும் கூடு. ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். போல்ட் தளர்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று உள்ளே போய்ப் பார்ப்பது என் வேலை. கூட வருவது என் மனைவியின் தம்பி. பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை. வேலையிடத்திலும் “வாங்க மாமா, போங்க மாமா” தான். என்னைத் திட்டினாலும் மரியாதையோடுதான் திட்டுவான்.

அன்று கரைப் பக்கக் கதவைத் திறந்தோம். நான் குனிந்து கையுறை மாட்டி நிமிர்வதற்குள் அவன் உள்ளே போய்விட்டிருந்தான். என் தலைவிளக்கு வெளிச்சத்தில் பூட்ஸ் இரண்டும் மட்டும் தெரிந்தன.

நானும் நுழைந்தேன்.

மேலே லாரி போகும்போதெல்லாம் இரும்பு முனகும். ம்ம்ம்ம்... என்று பல்லில் அதிரும். பழகின சத்தம்தான். ஆனாலும் அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. நல்ல ஏற்றம். எனக்கு நாக்குத் தள்ளியது. அவனுக்கு மூச்சு வாங்கும் சத்தமே இல்லை.

“மாப்ளே, மெதுவாப் போ.”

பூட்ஸ் வேகம் குறையவில்லை.

அவன் இடுப்பில் ஸ்பானர் பை தொங்கும். இரும்பில் இடித்து டங் டங் என்று உயிரை வாங்கும். அன்று கேட்கவில்லை. விளக்கும் போடவில்லை.

“லைட்டு எங்கடா?”

“வா மாமா.”

வா...?

இத்தனை வருஷத்தில் அவன் என்னை ‘வா’ என்றதில்லை. விளையாடுகிறான் என்று நினைக்கப் பார்த்தேன்.

பூட்ஸ் நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

அப்போது பின்னால், கீழே, கதவுப் பக்கம்...

டங்... டங்...

“மாமா! தனியா எங்க போறீங்க? பேட்டரி எடுக்க வண்டிக்குப் போனேன். இருங்க, வர்றேன்!”

அவன் குரல்.

நகர்வதை நிறுத்தினேன்.

முன்னால் பூட்ஸும் நின்றது.

“மாப்ளே... சீக்கிரம் வந்து என் காலைப் பிடிச்சு இழு!”

முன்னால்... ரொம்பப் பக்கத்தில்...

“வா.”

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திரும்ப இடமில்லை. பின்பக்கமாகவே ஊர்ந்தேன்.

ஒரு கை என் காலைப் பிடித்தது.

அலறினேன்.

“நான்தான் மாமா! நான்தான்!”

வெளியே சுள்ளென்று வெயில். மணி மூன்று பத்து. அவன் கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. தலையில் ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் இன்ஜினியர் ஓடி வந்தார்.

“அந்தப் பக்கம் ஏன்யா போனீங்க? அடியில இருந்த இரும்புத் தகட்டை வெட்டி எடுத்திருக்கு. யாரும் சொல்லலையா?”

நீளக் குச்சியில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டார். நான் நின்ற இடத்திலிருந்து ஒரு கை தூரம். அதற்கப்புறம் தரையே இல்லை. ஓட்டையை மூடி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் ஷீட். அதற்குக் கீழே ஆறு.

“பூனை ஏறினாலே பிஞ்சிடும்” என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர், கேமராத் திரையை என் பக்கம் திருப்பினார்.

ஷீட்டின் நட்டநடுவில், துருப்பொடியில், இரண்டு உள்ளங்கைத் தடங்கள்.

விரல்கள் என் பக்கம் பார்த்திருந்தன.