கைது மெமோவில் ஒரு பிரெஞ்சு பாஸ்போர்ட்

காரைக்காலில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் ரைட்டராக இருந்தேன். எஃப்.ஐ.ஆர்., கைது மெமோ எல்லாம் என் கைவழியாகத்தான் போகும்.

ஒரு காலை, மச்சானைக் கட்டையால் அடித்த வழக்கில் அந்தோணி என்பவரைக் கொண்டுவந்தார்கள். லுங்கி, நம்மூர் முகம், நம்மூர்ப் பேச்சு. பையைச் சோதித்தால் பிரெஞ்சு பாஸ்போர்ட். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம்; அந்த வழியில் வந்த பிரெஞ்சுக் குடியுரிமை.

வெளிநாட்டவரைக் கைது செய்தால், அவர் நாட்டுத் தூதரகத்துக்குச் சொல்லலாம் என்ற உரிமையை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் உடனே தகவல் அனுப்ப வேண்டும். வியன்னாவில் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. இந்தியாவும் அதில் சேர்ந்திருப்பதால் டெல்லியிலிருந்து சர்க்குலராக இறங்கி, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. நான் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

இன்ஸ்பெக்டர் கடுகடுத்தார். "ஏம்மா, இங்க பக்கத்துல வரிச்சிக்குடியில பொறந்தவனுக்கு எதுக்குத் தூதரகம்? ஆயிரம் கேள்வி வரும். பாஸ்போர்ட்ட மெமோவுல காட்டாதீங்க."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், பேனாவை மூடித் திறந்தேன். பெஞ்சிலிருந்த அந்தோணி கேட்டார்: "பாண்டிச்சேரியில இருக்கற பிரெஞ்சு கன்சுலேட்டுக்கு, அதாங்க துணைத் தூதரகத்துக்கு, ஒரு சேதி சொல்ல முடியுங்களா?"

மனசு எங்கள் ஊர்ப் பெண் பர்வீனிடம் போனது. வேலைக்குப் போன அவள் கணவரை வளைகுடாவில் போலீஸ் பிடித்து இருபது நாளாகியிருந்தது. மனுவோடு எங்கள் ஸ்டேஷனுக்கு வந்து அழுதிருந்தாள். "எந்த ஜெயிலுன்னாச்சும் கேட்டுச் சொல்லுங்கம்மா. நம்ம எம்பசிக்கே சொல்லலியாம்." நம் அரசு இதே ஒப்பந்தத்தைக் காட்டித்தான் அங்கே அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தது.

பாஸ்போர்ட் எண்ணை மெமோவில் எழுதினேன். இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன்.

"சார், பர்வீன் புருஷனுக்கு அங்க செஞ்சத நாம இங்க செய்ய வேணாம். இது வேணாம்னா, வேற ஆள வச்சு எழுதிக்குங்க."

மெமோவை என் மேசையிலேயே போட்டுவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தோணியிடம் கையெழுத்து வாங்கிக் கன்சுலேட்டுக்கு மெயில் அனுப்பினேன். மூன்று மணிக்குக் கன்சுலேட்டிலிருந்து ஒரு பெண் பேசினார்: "அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேணுங்களா?" அதைச் சொன்னதும், அத்தனை பதற்றத்திலும் அந்தோணி சிரித்துவிட்டார்.

ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட் கேட்ட முதல் கேள்வி, "தூதரகத்துக்குச் சொல்லியாச்சா?" இன்ஸ்பெக்டர் என் மெயில் நகலைத்தான் நீட்டினார். அடுத்த மாதம் என்னை டிராஃபிக்குக்கு மாற்றினார்கள்.

புதிதாக ரைட்டர் வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒப்பந்தத்தில் டெல்லி கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் மெமோ எழுதுகிற ஆள்தான்.

மாற்றலாகிப் போகும் நாளில் பர்வீன் மறுபடி வந்திருந்தாள்; கணவரைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அங்கயும் உங்கள மாதிரி ஒரு ரைட்டர் இருப்பாங்கல்லம்மா?"

இருப்பார் என்றேன். தெரியாமலே சொன்ன அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.