ஒன்பது கோயில்களும் ஒரு திருமுழுக்கும்

ராஜபாளையம் பால்பாண்டி வேன் ஓட்டுகிறவர். வருடம் தவறாமல் மலையடிவாரத்து அய்யனாருக்குப் பொங்கல் வைப்பவர். ஆனாலும் தூத்துக்குடியிலிருந்து உவரி வரைக்கும் உள்ள பழைய பங்குக் கோயில்களுக்கு அவர் போன அளவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிறிஸ்தவர்கள் யாரும் போனதில்லை. இருபத்தேழு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் அவர்களை ஏற்றிப்போய் இறக்குவது அவர்தான்.

‘ஒரே நாளில் ஒன்பது திருத்தலங்கள்’ என்பது அந்தப் பயணத்தின் பெயர். விடியுமுன் கிளம்பினால் ஒன்பதையும் பார்த்துவிடலாம். பார்ப்பது என்றால், இறங்குவது, கழிப்பறை எங்கே என்று கேட்பது, கொடிமரத்தின் முன்னால் படம் எடுப்பது, ஏறுவது. போர்த்துக்கீசியர் காலத்துச் சுவருக்கு அரை நிமிடம். சுக்குக்காப்பிக்கு இருபது நிமிடம்.

கூட்டம் காப்பி குடிக்கும் நேரத்தில் பால்பாண்டி உள்ளே போய் நிற்பார். மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குப் பேச ஓர் ஆள் கிடைத்துவிடும். எந்தப் பீடம் தேக்கு, எந்த மணி கப்பலில் வந்தது, எந்தக் கோபுரத்துக்கு யார் காலத்தில் டைல்ஸ் ஒட்டினார்கள் என்பதெல்லாம் அப்படிச் சேர்ந்த விவரங்கள். வேனில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. டிரைவரிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி, வண்டியை எப்போது எடுப்பீர்கள் என்பதுதானே.

போன தை மாதம் கேட்க வேண்டி வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பரிபூரணத்தின் மகள் ஜாஸ்மினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் வைக்கக்கூடாத தவக்காலம் தொடங்குமுன் தாலி கட்டியாக வேண்டும்; தவறினால் அடுத்த வருட லீவுக்குத்தான் வருவார். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் அறிவிப்பதற்கு அப்படிப் பெயர். பெண்ணுக்குக் குழந்தையில் ஞானஸ்நானம் கொடுத்ததற்கான திருமுழுக்குச் சான்றிதழ் வராமல் ஓலை வாசிக்க முடியாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். திருமுழுக்கு நடந்த கோயிலில்தான் அது கிடைக்கும்.

எந்தக் கோயில் என்பதில் பரிபூரணத்துக்குச் சந்தேகமே இல்லை. “எம்மவளுக்கு மணப்பாட்டுலல்லா தண்ணி ஊத்துனோம், நானூறு வருசத்துக் கோயிலு” என்று இருபத்துநான்கு வருடமாகத் தெருவுக்கே சொல்லி வந்தவர். மணப்பாட்டுக்குப் போன் போட்டார்கள். அங்கே பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த வருடத்தில் அப்படி ஒரு குழந்தை இல்லை என்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. ஞாயிறு முதல் ஓலை.

திருமுழுக்கு நடந்த அந்த மே மாதப் பயணத்தில் வேனில் வந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஒருவருக்கு உவரி என்று ஞாபகம், ஏனென்றால் சீலா மீன் குழம்பு அருமையாக இருந்தது. இன்னொருவர் ஊர் பெயர் தெரியாது, ஆனால் பக்கத்தில் கடல் இருந்தது என்று உறுதியாகச் சொன்னார். ஒன்பது கோயிலுக்குப் பக்கத்திலும் கடல் இருந்தது. ஒரு புகைப்படம் அகப்பட்டது. அதில் பரிபூரணத்தின் பட்டுச்சேலை முழுதாக விழுந்திருந்தது. கோயில் கையகலச் சுண்ணாம்புச் சுவராக மூலையில் இருந்தது.

கடைசியில் பால்பாண்டியை வரச்சொன்னார்கள்.

“அண்ணாச்சி, நீங்கதான வண்டி ஓட்டுனிய. மணப்பாடுதானே?” என்றார் பரிபூரணம்.

“அங்க நடக்கலம்மா. வழியில உடன்குடியில கருப்பட்டி வாங்க எறங்குனியல்லா? ரெண்டு மணி நேரம்.”

“செத்த நேரந்தான் நின்னோம்.”

“ஆமா, செத்த நேரம். நாம மணப்பாடு போகையில பூசை முடிஞ்சு சாமியார் வேற ஊருக்குக் கெளம்பிட்டாரு. பொறவு கருவேலந்துறைகிட்ட ரேடியேட்டர் கொதிச்சுது. அங்கன ஒரு சின்னக் கோயிலு. சாமியார் வாசல்ல நின்னாரு. ஒங்க வீட்டுக்காரர், இப்ப இருந்தா அவரே சொல்லுவாரு, ஒங்க பங்குச் சாமியார் குடுத்த கடுதாசியக் காட்டுனாரு, அவரும் சரின்னாரு. இஞ்சினுக்கும் புள்ளைக்கும் ஒரே கொழாத் தண்ணி.”

ஜாஸ்மினுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. “மொதல்ல யாருக்கு ஊத்துனிய மாமா?”

“இஞ்சினுக்குத்தான். அதுதான ஒங்களையெல்லாம் வீடு சேக்கணும்.”

“ஏட்டி, ஒனக்குச் சிரிப்பு வேற. அவியளுக்கு வயசாச்சு, ஞாபகத்துல ஊரு மாறிப்போச்சு” என்றார் பரிபூரணம். மாறவில்லை என்று நிரூபிக்கப் பால்பாண்டிக்கும் வேறு வழி இல்லாததால், சனிக்கிழமை விடியற்காலையில் மூவரும் கிளம்பினார்கள்.

கருவேலந்துறையில் பளபளவென்று ஒரு கோயில் நின்றது. மார்பிள் படி, கண்ணாடிக் கதவு, ‘பழமை வாய்ந்த புனித சந்தியாகப்பர் ஆலயம்’ என்று ஸ்டீல் எழுத்து. பரிபூரணத்தின் முகம் தெளிந்தது.

“நான் சொல்லலையா? இந்தக் கோயிலை நான் பாத்ததே இல்ல.”

“நீங்க பழசையும் பாக்கலம்மா. அத இடிச்சுப் பதினோரு வருசமாச்சு. கடப்பாரைக்கு அசையல, ஜேசிபி வந்துதான் பேத்துச்சு. வெளிய வச்சிருக்காவ பாருங்க, அந்தக் கல் தொட்டிதான் மிச்சம்.”

குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்த தொட்டியில் இப்போது குரோட்டன்ஸ் வளர்ந்துகொண்டிருந்தது.

பங்குத்தந்தை சின்ன வயதுக்காரர். கட்டடம்தான் புதிது, பதிவேடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி 2001ஐ எடுத்துவந்தார். உப்புக் காற்றில் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தார். மே மாதம் வந்தது. ஜாஸ்மின் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இறங்கிவரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் அடியில் விரல் நின்றது. “ஜாஸ்மின். தாய் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூர்.”

சான்றிதழில் முத்திரை விழுந்தது. திரும்பும் வழியில் வள்ளியூர் தாண்டியும் பரிபூரணம் பேசாமல் வந்ததை, இருபத்தேழு வருடத்தில் முதல் அதிசயம் என்று பால்பாண்டி தனக்குள் குறித்துக்கொண்டார்.

ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்பட்டது. தடை சொல்ல யாரும் எழவில்லை. சனிக்கிழமைப் பயணக் கதை அதற்குள் பரவியிருந்ததால், பூசை முடிந்ததும் பெண்கள் பரிபூரணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மணப்பாடு என்றல்லவா சொன்னாய், இதென்ன கருவேலந்துறை என்று ஒருத்தி விசாரித்தாள்.

“மணப்பாட்டுக்கு எல்லாருந்தான் போறாவ. கருவேலந்துறை யாருக்குத் தெரியும்? நாங்க தேடிப் போயில்லா குடுத்தோம். அம்புட்டும் பழமை. சந்தியாகப்பர் நெனச்சதக் குடுப்பாரு, வண்டியவே அந்த எடத்துல நிறுத்திட்டாருன்னா பாத்துக்கோங்க.”

அன்று சாயங்காலம் பரிபூரணத்திடமிருந்து பால்பாண்டிக்குப் போன் வந்தது. வருகிற மே மாதம் கருவேலந்துறையையும் சேர்த்துப் பத்துத் திருத்தலங்கள். ஒரே நாளில்தான்.

“எத்தனை பேரு?” என்று கேட்டார் பால்பாண்டி. “புள்ளைகளுக்குத் தண்ணி ஊத்துறவுக யாரும் வந்தா, அவுக மட்டும் ஊத்துன ஊர்ப் பேர எழுதி வச்சுட்டுத் திரும்ப வண்டியில ஏறச் சொல்லுங்க.”