பவர் இல்லாத கண்ணாடி

மனநல சிகிச்சைக்கு நிதி திரட்ட நண்பர்கள் சேர்ந்து ஒரு டிரையத்லான் நடத்தினோம். ராஜபாளையத்துக் கண்மாயில் நீச்சல், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்கு முறை சைக்கிளில் போய்வருவது, பிறகு அய்யனார் கோவில் வரை ஓட்டம். நன்கொடை கேட்டு, நான் வேலை பார்க்கும் மில்லில் ஒவ்வொருவரிடமும், "மனசுக்கு வைத்தியம் பாக்கதுல வெக்கம் என்ன?" என்று முழங்கினேன். நானே மனச்சோர்வுக்கு மாதாமாதம் மதுரை போய் மாத்திரை வாங்குகிறவன். அதை மறைக்க, கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லி, பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

போட்டியன்று, நீந்துவதற்காகக் கழற்றிய கண்ணாடியைக் கரையிலேயே மறந்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தண்ணீர் கொடுக்க நின்றவர் எங்கள் மில் ஃபிட்டர் முருகேசன் அண்ணன். ஹேண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளை மறித்தார்.

"ஏலே, கண்ணாடி எங்க? லாரி வார ரோட்டுல கண்ணு தெரியாம ஓட்டுதியே! இறங்கு."

இறங்கினால் போட்டி முடிந்தது. இன்னொரு பொய் சொல்ல மூச்சும் இல்லை.

"கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே. மதுரைக்குப் போறது மனசுக்கு வைத்தியம் பாக்க."

அவர் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அடுத்து எப்ப போற? என் தம்பி ரூமை விட்டே வெளிய வரமாட்டேங்கான். அவனையும் கூட்டிட்டு வாரேன்."

மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றி, சீட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

அய்யனார் கோவிலுக்குக் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தேன். யாரோ என் கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். வாங்கிப் பையில் போட்டேன். முகத்தில் காற்று பட்டது.