நோட்டில் ஏறாத அரை டம்ளர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அதுதான் எனக்குக் கௌரவம். மூன்று மாதம் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தை ஏமாற்றினேன். நோட்டு என்னுடையது, பேனா என்னுடையது, தொப்பையும் என்னுடையது. அந்த நோட்டில், சர்ச்சில் திருவிருந்து கொடுத்த ஞாயிறுகளில், 'அப்பம் ஒரு துண்டு, திராட்சரசம் ஒரு மிடறு' என்று தவறாமல் எழுதியிருக்கிறேன். கர்த்தருடைய பந்தியைக்கூட விடாமல் எழுதிய அந்த யோக்கியன், தினமும் ஆறு முறை குடித்த காபியை ஒரு முறைகூட எழுதவில்லை.

அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அது நல்ல காரணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, எண்பத்தாறு கிலோ. வீடு லிங்கராஜபுரத்தில். ஹெப்பகோடியில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலை. என்னைவிட ஐந்து வயது மூத்த அக்கா பக்கத்தில் காக்ஸ் டவுனில் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் அவரால் கிட்னி கொடுக்க முடியாது. பிள்ளைகள் இல்லை. மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, உங்களுடையது பொருந்துகிறது என்றார் டாக்டர்.

அந்த இடத்தில் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். பயம் வந்திருக்கலாம். கண்ணில் கொஞ்சம் தண்ணீராவது வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் உதடு எப்படிக் கிடக்குமோ, உள்ளே எல்லாம் அப்படிக் கிடந்தது. "டாக்டர், இங்க கேன்டீன் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையின் நாலாவது பட்டனைப் பார்த்தார். அது பாவம், உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எட்டு கிலோ குறைக்கணும். சுகர் வேற பார்டர்ல நிக்குது. இப்படியே உங்க கிட்னிய எடுத்தேன்னா, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு தேடிக்கிட்டு அலையணும். மூணு மாசம் டைம் தர்றேன்."

அடுத்த அறையில் இருந்த உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். என்னை 'சார்' என்று கூப்பிட்டுக்கொண்டே மிரட்டத் தெரிந்தவர். என்னென்ன எவ்வளவு சாப்பிடலாம் என்று எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, ஒரு நோட்டும் போடச் சொன்னார். "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதணும் சார். எல்லாமே."

"கொசு போனா?" என்றேன்.

"எழுதுங்க" என்றார் அவர்.

வீட்டில் என் மனைவி போருக்குத் தயாரானாள். சோற்றுக்கு ஒரு கப், எண்ணெய்க்கு ஒரு ஸ்பூன், தேங்காய் அரை மூடி வீட்டுக்குள் வந்தால் அது யாருக்கு என்று விசாரணை. என் சப்பாத்திகளைத் தட்டில் வைக்கும்போது உரக்க எண்ணுவாள். "ரெண்டு. எழுதுனீங்களா?" எழுதினேன். வெள்ளரிக்காய் எத்தனை வில்லை என்று எழுதினேன். கறிவேப்பிலையைத் தின்றேனா ஒதுக்கினேனா என்பதைக்கூட எழுதினேன். அந்த நோட்டை இப்போது யாராவது படித்தால், எழுதியவன் காற்றில் பறந்துகொண்டிருந்திருப்பான் என்று நினைப்பார்கள்.

இனி அந்தக் காபி.

பெங்களூரில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நின்றுகொண்டு சாப்பிடும் சின்ன ஓட்டல்களில் இரண்டு பேர் போய் 'பை டூ' என்று சொன்னால், ஒரு காபியை இரண்டு குட்டிக் கிளாஸில் ஊற்றித் தருவார்கள். அதில் ஒரு கிளாஸ் என்பது மூன்று மடக்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு. பை டூவைத் தனியாகக் குடிக்க முடியாது, கூட ஓர் ஆள் வேண்டும். நான் வரவில்லை என்று சொன்னால் அடுத்தவனுடைய காபியும் போச்சு. எங்கள் தொழிற்சாலையில் அப்படித் துணைக்குப் போகும் ஆள் நான்தான். ஸ்டோர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, கேட்டுக்கு எதிரில் ஓட்டல், என் வாயில் எப்போதும் ஒரு ஜோக். வேறென்ன வேண்டும்?

"ஏன் குரு, பை டூ?" என்று இன்ஸ்பெக்ஷன்காரர் ஜன்னலில் தலையை நீட்டுவார். 'குரு' என்பது இந்த ஊரில் 'நண்பா' மாதிரி. அவர் கன்னடக்காரர், என்னிடம் பேசும்போது மட்டும் பாதித் தமிழுக்கு மாறுவார்.

"டயட்டுல இருக்கேன் குரு."

"அரை கிளாஸ் குரு! அரை கிளாஸ்ல என்ன ஆகும்? சொல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோ."

கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்கிறார். மாடிக்கொண்டேன். முதல் நாள் திரும்பி வந்து நோட்டைத் திறந்தேன். பேனாவையும் எடுத்தேன். அப்போதுதான் எனக்குள் இருந்த ஸ்டோர் கீப்பர் எழுந்து உட்கார்ந்தான்.

எங்கள் ஸ்டோர்ஸில் ஒவ்வொரு ரேக்கிலும் ஓர் அட்டை தொங்கும், பின் கார்டு. உள்ளே வந்தது எத்தனை, வெளியே போனது எத்தனை, மிச்சம் எத்தனை என்று அதில் எழுத வேண்டும். ஒரு வாஷர் குறைந்தாலும் மூன்று பேரை நிறுத்தி வைத்துக் கேட்கிற ஆள் நான். ஆனால் துடைக்கிற பஞ்சு, கிரீஸ், நூல் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு அட்டை கிடையாது. எவனாவது கை நிறையப் பஞ்சு அள்ளிக்கொண்டு போனாலும் யாரும் கேட்பதில்லை. எண்ண முடியாததை எழுத வேண்டாம் என்பது எங்கள் ஸ்டோர்ஸ் சட்டம். அரை டம்ளர் காபி எந்த வகை? முழுசு இல்லை. தனி உருப்படி இல்லை. பாதிதான் என்னுடையது, மீதிப் பாதி இன்ஸ்பெக்ஷனுடையது. ஆகவே அது பஞ்சு. நோட்டை மூடிவிட்டேன்.

இருபது வருடம் உண்மையாக வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டதை இதற்குத்தான் பயன்படுத்தினேன்.

இந்தச் சட்டம் வந்தபிறகு அது தன்னாலே விரிந்துகொண்டது. பர்ச்சேஸ் பிரிவில் ஒருவர் மேஜை இழுப்பறையில் மசாலாக் கடலைப் பொட்டலம் வைத்திருப்பார். அதில் நாலு கடலை எடுத்தால் அதுவும் பஞ்சு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பேடாவில் ஒரு கிள்ளு, பஞ்சு. கேசரிபாத்தை இரண்டாகப் பங்கு போட்டால் அதுவும் பஞ்சு. நோட்டு மட்டும் சுத்தமாக இருந்தது.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில், கம்பெனி பஸ் காக்ஸ் டவுனில் இறக்கிவிட்டதும் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவேன். அவளுக்கு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான். அதற்கு மேல் உள்ளே போனால் வெளியே போக வழியில்லை, கால் வீங்கும், மூச்சு முட்டும். காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் நிரப்பிச் சமையலறை ஜன்னலில் வைத்துவிடுவாள். அரை டம்ளர் காபி குடித்தால், அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்து ஜன்னலில் இருந்த ரோஜாத் தொட்டியில் ஊற்றிவிடுவாள். சாதத்தில் ஒரு கரண்டி ரசம் விட்டுக்கொண்டால் தொட்டிக்கு ஒரு கரண்டி. தயிருக்கு ஒன்று. சாயங்காலம் பாட்டிலில் என்ன மிச்சமோ அதுதான் அவள் குடிக்க மிச்சம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தது.

ஒரு நாள் ஒரே ஒரு ஐஸ் கட்டியை எடுத்தாள். வாயில் போட்டுக்கொள்வதற்கு முன்னால் பாட்டிலைத் திறந்து, இரண்டு ஸ்பூன் அளந்து தொட்டியில் ஊற்றினாள்.

"அக்கா, ஐஸ் தண்ணி இல்லக்கா, ஐஸ்" என்றேன்.

"வாய்க்குள்ள போனா என்னடா ஆகும்?"

"நீ எங்க கம்பெனிக்கு வந்துடு. எனக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டு உன்ன உக்கார வச்சுடுவாங்க."

கன்னத்தில் ஐஸை ஒதுக்கிக்கொண்டு அவள் சிரித்தாள். இடது முழங்கையில் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. அதைப் பார்த்தேன், பிறகு ரோஜாவைப் பார்த்தேன். ரோஜா கொழுகொழு என்று இருந்தது. அந்த வீட்டில் தாராளமாகத் தண்ணீர் குடித்த ஜீவன் அது ஒன்றுதான். மாமா தண்ணீரைக்கூட உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டு குடித்துவிட்டு வருவார்.

"நீ எவ்ளோ எறங்குன?" என்று கேட்டாள்.

"நோட்ட பாத்தா பத்து கிலோ எறங்கியிருக்கணும்" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மூன்று மாதம் முடிந்து, ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் செருப்பு, பெல்ட், கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டதால் முள் எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் படித்துச் சொன்னார். எண்பத்து நாலு. சர்க்கரை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

உணவு ஆலோசகர் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"சார், இந்த நோட்ல இருக்கிற ஆளு எட்டு கிலோ எப்பவோ எறங்கியிருப்பாரு. நீங்க யாரு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"காபி, டீ எதுவுமே குடிக்கிறதில்லையா?"

"குடிக்கிறதில்ல மேடம். பை டூ மட்டும்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை பை டூ?"

அதை எண்ண வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எண்ணினால் ஆள் கணக்கில்தான் எண்ண முடியும். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செக்யூரிட்டியோடு ஒன்று. பத்து மணிக்கு இன்ஸ்பெக்ஷன். கடலையோடு பர்ச்சேஸ். மத்தியானம் லாரியில் சாமான் கொண்டு வருகிறவர். நாலு மணிக்குப் பெயின்ட் ஷாப். ஒரு கை முடிந்துவிட்டது. பஸ் ஏறுவதற்கு முன்னால் மறுபடியும் இன்ஸ்பெக்ஷன். அடுத்த கையின் கட்டைவிரலை மடக்கினேன்.

"சர்க்கரை போட்டுத்தானே தர்றாங்க?"

"அவங்களே போட்டுடறாங்க."

அவர் ஒரு தாளில் பாலை எழுதினார், சர்க்கரையை எழுதினார், கடலையை எழுதினார், கேசரிபாத்தைப் பற்றிக் கேட்டு அதையும் எழுதினார். கூட்டிப் போட்டு என் பக்கம் திருப்பினார்.

"உங்க வீட்டம்மா அளந்து அளந்து குறைச்சது அத்தனையும் இங்க வந்துடுச்சு சார்." பிறகு நோட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இது என்ன, அப்பம் ஒரு துண்டு?"

"அது சர்ச்சுல குடுக்கிறது மேடம். நகத்து அளவுதான் இருக்கும்."

"அத எழுதியிருக்கீங்க" என்றார்.

டாக்டர் அதிகம் பேசவில்லை. இன்னும் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். வராந்தாவில் வந்து நின்றேன். மூன்று மாதம் என்றால் பதிமூன்று வாரம். வாரத்துக்கு இரண்டு. இருபத்தாறு தடவை அக்கா டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி. கணக்கு மளமளவென்று வந்தது, அதோடு வேறெதுவும் வரவில்லை. நோட்டீஸ் போர்டில் பார்வையாளர் நேரத்தைக் கன்னடத்தில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை படித்தேன். யாரோ ஒருவர் தள்ளுங்கள் என்றார். தள்ளி நின்றேன்.

ஆட்டோ பிடித்துக் காக்ஸ் டவுனுக்குப் போனேன். அக்கா சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி மாத்திரை உள்ளங்கையில் இருந்தது. மாமா வெளியே போயிருந்தார்.

"என்னடா சொன்னாங்க?"

வழியெல்லாம் ஒரு ஜோக் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். மெஷின் பழசு, முள் ஆடுகிறது என்று ஆரம்பித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். பாதியில் ஜோக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கிலோ. இன்னும் மூன்று மாதம். ஆறு பை டூ. என் பஞ்சுச் சட்டத்தையும் சொன்னேன்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும். அவள் ஜன்னலிலிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு ஸ்பூனில் தண்ணீரை நிரப்பினாள். நிரம்பிய ஸ்பூனைச் சற்று நேரம் பார்த்தாள். மாத்திரையை வாயில் போட்டு, அந்த ஒரு ஸ்பூனோடு விழுங்கினாள். முதல் தடவை இறங்கவில்லை. கழுத்தை நிமிர்த்தி, வெறும் தொண்டையால் மறுபடியும் விழுங்கினாள்.

 எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், வாயைத் திறப்பது.

"அரை டம்ளர்க்கா" என்றேன். "அதையெல்லாம் உலகத்துல யாருக்கா எண்ணுறாங்க?"

அக்கா பாட்டிலை மூடி, ஜன்னலில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"நான் எண்ணுறேன்."