யாரு சொல்லி வந்தீக?

அமராவதிபுதூர் ஈஸ்வரிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தவர்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் துணியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாயங்காலமே வேண்டும் என்று நிற்பார்கள். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அவளுக்கு அடியோடு ஆகாத சொல் ஒன்று உண்டு. 'சேர்த்துவிட்டது.' சின்ன வயதில் அவளைக் காரைக்குடி ஜவுளிக்கடையில் சேர்த்துவிட்டவர் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மகள் கல்யாணத்தில் ஈஸ்வரி மூட்டைத் தேங்காய் துருவினாள். மகன் வீடு குடிபோனபோது பாத்திரம் விளக்கினாள். கடையில் கால் கடுக்க நின்றது அவள். ஆனால் சாகிற வரைக்கும் அந்த மனிதர் நாலு பேர் முன்னால் அவளைக் காட்டி, "நாம சேத்துவிட்ட பிள்ளை" என்றுதான் சொன்னார். ஒரு நாள் அந்த வேலையை உதறிவிட்டுத் தையல் மெஷின் வாங்கிப் போட்டு வீட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்குத்தான் மூச்சு விட்டாள்.

அவள் மகள் ரோகிணி இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருந்தாள். பக்கத்து ஊரில் பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருந்தார்கள். லீவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டக் கோடைக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தது. போகிறேன் என்றாள் ரோகிணி. போ என்றாள் ஈஸ்வரி, ஆனால் யார் சொல்லியும் போகக் கூடாது. விண்ணப்பத்தில் 'தெரிந்தவர் பெயர்' என்றிருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னாள்.

ஒரு வாரம் வீடே ஓட்டலாகிவிட்டது. மெஷினை மிதித்துக்கொண்டே ஈஸ்வரி கேள்வி கேட்பாள். ரோகிணி சுவரைக் காட்டி இங்கிலீஷில் விளக்கம் சொல்வாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனா நீ முழுங்குறது தெரியுது. திருப்பிச் சொல்லு."

சனிக்கிழமை நேர்காணல். போய் வந்தவள் முகமெல்லாம் பல்லாக நின்றாள். மேனேஜர் ஞானசம்பந்தம் திங்கட்கிழமையே வரச் சொல்லிவிட்டாராம்.

"யாரு சொல்லி வந்தேன்னு கேட்டாகளா?"

"கேக்கவே இல்லம்மா."

ஈஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றைக்கே புதுச் சுடிதார் ஒன்றை வெட்டித் தைக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓட்டலிலிருந்து போன் வந்தது. ஆள் தேவையில்லையாம். காரணம் சொல்லவில்லை.

காரணம் சாயங்காலம் அல்வாப் பொட்டலத்தோடு வாசலில் வந்து இறங்கியது. ஈஸ்வரியின் அண்ணன் முத்தரசு. நாச்சியார் ஆச்சி வீட்டில் கார் ஓட்டுகிறவர்.

"நம்ம ஆச்சிகிட்டச் சொல்லி அந்த ஓட்டலுக்கு ஒரு போன் போட்டாச்சுத்தா. அந்த வீட்டுல பின்கட்டு ஆச்சி பங்குதான். வீட்டுக்காரவுகளே சொன்னா அப்பறம் யாரு அசைக்க முடியும்?"

ஈஸ்வரி மெஷினை நிறுத்தினாள். "முன்கட்டுல ஓட்டல் நடத்துற பங்காளிக்கும் ஆச்சிக்கும் கோர்ட்டுல கேசு நடக்குறது ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும்த்தா. ஆனா மாசி மாசம் படைப்புக்கு எல்லாரும் ஒரே பந்தியிலதான் உக்காந்து சாப்பிட்டாக. ஆச்சியக் கூட்டிட்டுப் போனதே நான்தான். சிரிச்சுப் பேசிக்கிட்டாக. ராசியாயிட்டாகன்னு நெனச்சேன்."

முன்னோருக்குப் படைக்கிற நாளில் பங்காளிகள் வழக்கையெல்லாம் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கை கழுவியதும் இரண்டையும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். காலமெல்லாம் அவர்களுக்குக் கார் ஓட்டியவருக்கு இது கூடவா தெரியாது? பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததே என்று ஈஸ்வரி அல்வாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒங்கள யாரு கேட்டா? அவளா வாங்குன வேலையப் போன் போட்டுக் கெடுத்துட்டு, அல்வாவும் வாங்கிட்டு வந்திருக்கீக. எடுத்துட்டுக் கெளம்புங்க."

மறுநாள் காலையில் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓட்டலுக்குப் போனாள். வாசலில் காவலுக்கு நின்ற ஆள் மறித்தான். "யாரு சொல்லி வந்தீக?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் பொறுத்திருப்பாள். அவனைத் தள்ளிக்கொண்டு நேரே மேனேஜரிடம் போனாள்.

"ஆச்சி அனுப்புன ஆள மொதலாளி உள்ள விட மாட்டேங்கிறாரும்மா" என்று ஞானசம்பந்தம் நெளிந்தார். "இங்க நடக்குறத அங்குட்டுப் போய்ச் சொல்லிரும்னு சந்தேகப்படுறாரு."

"எம்மகள எந்த ஆச்சியும் அனுப்பல. சனிக்கிழமை அவ பேசுனது ஒங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு போன் வந்தா அவ வாய் ஊமையாப் போச்சா? ஒங்க பங்காளிச் சண்டைக்கு எம்பிள்ளதான் கெடைச்சாளா?"

பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானசம்பந்தம் போனை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "சத்தம் போடாதீகம்மா. நாளைக்கு வரச் சொல்லுங்க."

ஈஸ்வரி ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, சுடிதாருக்கு இஸ்திரி போடு என்றாள். ரோகிணி அசையவில்லை.

"ஒன்னய யாரு போகச் சொன்னா?"

"என்னடி இப்படிக் கேக்குற?"

"மாமா போன்ல சொல்லவச்சாரு. நீ நேர்ல போய்ச் சொல்லிருக்க. நாளைக்கு அங்க போய் நின்னா என்னைய என்னன்னு சொல்லுவாக? சத்தம் போட்டு அவுக அம்மா சேத்துவிட்ட பிள்ளைன்னுதானே சொல்லுவாக."

எந்தச் சொல்லைக் கேட்டு இத்தனை காலம் வெந்தாளோ, அதை அவளே மகள் தலையில் தூக்கி வைத்திருக்கிறாள்.

"பிள்ளையார்பட்டி லாட்ஜுல ஆள் வேணும்னு போர்டு போட்ருக்காக. நான் போறேன். நீ வராத" என்று சொல்லிவிட்டு ரோகிணி பஸ் ஏறினாள்.

ஈஸ்வரிக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அண்ணன் மேல், மேனேஜர் மேல், முன்கட்டு பின்கட்டு இரண்டின் மேலும். கடைசியில் அது சுற்றிக்கொண்டு தன்னிடமே வந்து நின்றது. அந்த நேரம் பார்த்து முத்தரசு போன் போட்டு, ரோகிணி எங்கே என்று கேட்டார். சொன்னாள்.

"பிள்ளையார்பட்டிக்கா போயிருக்கு? அந்த லாட்ஜு மொதலாளி நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்த்தா. ஒரு வார்த்த..."

"அண்ணே, போன வைங்க."

சாயங்காலம் ரோகிணி வந்தாள். ஈஸ்வரி மெஷினை விட்டு எழவில்லை, எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"யாரு சொல்லி வந்தேன்னு கேட்டாகம்மா."

"நீ என்ன சொன்ன?"

"யாரும் சொல்லல, போர்டப் பாத்து நானா வந்தேன்னேன். நாளைக்கு வரச் சொல்லிட்டாக."

இப்படி ஒரு பதிலைத் தன் வாயால் ஒரு தடவை கூடச் சொன்னதில்லையே என்று ஈஸ்வரிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. எழுந்துபோய் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மகள் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.