லொறிக்காரனுக்கு நான் வைத்த கையெழுத்து

அந்தக் காலத்தில் உப்புவெளியிலிருந்து துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற ஆம்பிளைகளுக்குச் சைக்கிள்தான். பின்னால் லொறி ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரன் தார் றோட்டை விட்டு மணலுக்குள் இறங்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் எல்லாரும் இறங்கினார்கள். என்ரை மனிசன் மட்டும் இறங்கமாட்டார். கரையோடு போவார், இறங்கமாட்டார்.

"மணலுக்குள்ளை சில்லுப் புதைஞ்சு விழுறதுக்கோ? நானும் றோட்டிலை போற ஆள்தான்" என்பார்.

அன்றைக்குக் காலமை வெயில் ஏறிவிட்டது. நான் வீட்டு வாசல் படலையில் நின்றனான். எதிரே பஸ் வந்தது. பின்னால் வந்த லொறி நிற்கவில்லை. ஹோர்னை அடித்தபடியே கரைக்கு ஒதுங்கி அவரை இடித்துவிட்டது. என்ரை இரண்டு கண்ணாலும் பார்த்தனான். முழங்கால் எலும்பு நொருங்கிச் சிதம்பிப்போய் ஆசுபத்திரியில் கிடந்தார்.

பார்க்க வந்த சனம், "அவன் ஹோர்ன் அடிச்சவன்தானே, இறங்கியிருக்கலாம்தானே" என்றது. "ஏன், லொறி நிண்டிருந்தால் அதுக்குக் காய்ச்சலோ வரும்?" என்று கேட்டு வாயை அடைத்தனான்.

என்ரை கூடப்பிறந்த அண்ணை, அந்த லொறி முதலாளியின்ரை கடையில் வேலை. அவர்தான் என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். வாக்குமூலத்தை முதலே ஒருவரைக் கொண்டு எழுதுவித்து மடித்து வைத்திருந்தார்.

"நீ கதைச்சுக் குழப்பாதை பிள்ளை. கண்டதெல்லாம் இதிலை கிடக்கு."

அண்ணைதானே என்று இருந்துவிட்டேன். பொலிஸ்காரர் மைப்பெட்டியைத் தள்ளினார். "பெருவிரலை வையுங்கோ அம்மா. வைக்கமுதல் வாசிச்சுக் காட்டுறன்."

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன விரல் வைக்கிற ஆளோ? கலியாணம் முடித்த வருசமே என்ரை மனிசன் அரிசி பரப்பிய சுளகில் விரலைப் பிடித்து என்ரை பேரை எழுதப் பழக்கினவர். எழுத்துக்கூட்டி வாசிக்கவும் கொஞ்சம் தெரியும்.

"எனக்குக் கையெழுத்துத் தெரியும்" என்றேன்.

அவர் மைப்பெட்டியை எடுத்துவிட்டுப் பேனையைத் தந்தார். கையெழுத்து வைக்கிற ஆளுக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லைத்தானே. அண்ணை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வெக்கையாக்கும் என்று நினைத்தேன். ஆறுதலாக, ஒரு எழுத்தும் ஒரு குற்றும் விடாமல் பேரை எழுதினேன்.

வழக்கு நாளன்று கோட்டில் அதை வாசித்தபோதுதான் தெரியும். என்ரை புருசன் பின்னாலை பாராமல் நடு றோட்டுக்குத் திரும்பினாராம். லொறி மெதுவாய்த்தான் வந்ததாம். பெண்சாதியே படலையில் நின்று கண்டதாம்.

"இது உங்கடை கையெழுத்தோ?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம். ஆனால் நான் அப்பிடிச் சொல்லயில்லை ஐயா."

"வாசிக்காமலோ வைச்சனீங்கள்?"

லொறிக்காரனை விட்டுவிட்டார்கள். பிழை சைக்கிள்காரனில் என்று முடிந்தது. கோட்டு வாசலில் கவைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்ற என்ரை மனிசன் என்னைப் பார்த்து, "நீ அப்பிடியோ சொன்னனீ?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன், நம்பினார். எண்டாலும் கேட்டவர்தானே. அந்த ஒரு கேள்விக்காக அண்ணையை நான் மன்னிக்கவில்லை.

அண்ணை சொன்ன நியாயம்: "சைக்கிள்காரனுக்கு எந்தக் கோடு தீர்ப்புச் சொல்லும் பிள்ளை? என்ரை வேலையாவது மிஞ்சட்டும்."

கன வருசத்துக்குப் பிறகு அவருடைய மகளுக்குக் கலியாண எழுத்து. அண்ணைதான் வந்து கேட்டார், நான் சாட்சிக் கையெழுத்து வைக்கவேணுமாம். பிள்ளை என்ன பாவம் செய்தது? போனேன். பதிவுகாரர் பேனையை நீட்டினார்.

"மைப்பெட்டி இருக்கோ ஐயா?"

"அம்மாவுக்குக் கையெழுத்துத் தெரியாதோ?"

"தெரியும். அண்ணைக்கு முன்னாலை வைக்கிறதில்லை. முதல் வாசியுங்கோ, பிறகு விரல் வைக்கிறன்."

கதிரைகளில் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரத்து வாசித்தார். அது முடியும்வரை அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படாமல் கேட்டுவிட்டுப் பெருவிரலை மையில் அமத்தினேன்.