முதல் மணியிலேயே எடுத்த மெஷின்

பலாங்கொடையில் சாமான் வாங்கிய பில்லைக் கையில் கசக்கியபடி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வெயில் பட்டதும் அந்தத் தாளிலிருந்து ஒரு வாடை வந்தது பாருங்கள், அப்படியே என்னைத் தூக்கிக்கொண்டு போய் என் பழைய முதலாளி நானாவின் கொமினிகேஷன் கடையில் போட்டுவிட்டது. பழைய பெக்ஸ் தாளின் வாடை அது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து நான் பார்த்த முதல் வேலை அங்கேதான். காசுக்கு டெலிபோன் பேசும் அந்தக் கடைக்கு ஒரே லைன். ஒரு மின்விசிறி, அதுவும் நானா பக்கம்தான் திரும்பும். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எங்கள் நம்பருக்குத்தான் அடிப்பார்கள். அடிப்பார்களே தவிர, பேசமாட்டார்கள். எடுக்காத கோலுக்குக் காசில்லை அல்லவா? ஆளுக்கொரு நேரம், அப்போது வீட்டார் கடையில் வந்து காத்திருப்பார்கள். மணி இரண்டு தடவை அடித்துக் கட் ஆனால் சுகம். மூன்றாவதும் அடித்தால் ஏதோ விபரீதம், எடுக்க வேண்டும். ரிங் கட் என்போம்.

பார்வதி அக்காவின் நேரம் ஞாயிறு காலை. மகள் செல்விக்குக் குவைத்தில் வீட்டு வேலை. மெடம் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, அந்த வீட்டு போனிலிருந்தே திருட்டுத்தனமாக அடிப்பாள். பில்லில் விழுந்தால் மெடம் சும்மா விடமாட்டாள் என்று ஆள்விட்டுச் சொல்லியிருந்தாள்.

அப்படி ஒரு ஞாயிறு பார்த்துத்தான் நானா, எழுதிய தாளை லைன் வழியே அனுப்பும் பெக்ஸ் மெஷின் ஒன்றை வாங்கி வந்து பூட்டினார். மாணிக்க வியாபாரிகள் கேட்கிறார்களாம். கூட வந்த புத்தகத்தைப் புரட்டும் பொறுமையெல்லாம் அவருக்கு ஏது? லைனைக் குத்தினார், பச்சை லைட் எரிந்தது, முடிந்தது கதை. சற்று நேரத்தில் முதல் மணி அடித்ததுமே மெஷின் தானாக எடுத்து 'கீ' என்று வீறிட்டது. நானாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பார்வதி அக்கா எழுந்துவிட்டார்.

"அது எம்மக நானா. எடுத்திருச்சே, பில்லுல விழுந்திருமே."

நானாவுக்கு அப்போதுதான் உறைத்தது. லைனைக் கழற்றிப் பழைய போனில் குத்தச் சொன்னார். அவசரத்தில் அது உள்ளே போவேனா என்றது. மாட்டிவிட்டு மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மெடம் கண்டிருப்பாளோ, அடித்திருப்பாளோ என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். நானா வரவழைத்த டீயை யாரும் தொடவில்லை. தோட்டத்து பஸ் போனதையும் அக்கா கவனிக்கவில்லை. நானா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சம்பளம் தருகிற மனிதரை என்ன சொல்ல?

மணி அடித்தது. இரண்டோடு கட் ஆகும், கட் ஆகும் என்று பார்த்தால் மூன்றாவதும் அடித்தது. அக்காதான் பாய்ந்து எடுத்தார்.

போன் ஏன் அப்படிக் கத்தியது, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மகள் பதறியது எனக்கே கேட்டது. அக்கா சமாதானம் சொல்லிவிட்டு, நீ எப்படி இருக்கிறாய் என்றார்.

"நல்லாத்தான்மா இருக்கேன்."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார். எனக்கும் உயிர் வந்தது. அக்கா மட்டும் ரிசீவரை வைக்கவில்லை.

"பொய் சொல்றா. கொரல்ல உசுரே இல்ல. ரெண்டு மணியக் கேட்டுக்கிட்டு நல்லாருக்கான்னு நெனச்சிக்கிட்டிருந்தேனே, பாவி நான்."

பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அவளைக் குவைத்துக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு உடனே எழுது என்றார் என்னிடம். ஞாயிறென்றால் என்ன, ஒபிஸ் பூட்டியிருந்தாலும் தாள் உள்ளே போய் விழும் என்றார் நானா. எங்கள் கடையிலிருந்து போன முதல் பெக்ஸ் அது. செல்வி ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இரண்டு கையிலும் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு.

இன்று அந்தக் கடை இல்லை. ரிங் கட் என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது. என் மகள் கட்டாரிலிருந்து தினமும் முகம் காட்டிப் பேசுகிறாள், சிரிக்கிறாள். ஒரே வார்த்தையில் பொய்யைப் பிடித்த அந்தக் காது எனக்கு வாய்க்கவில்லை. அவள் வைத்த பிறகும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்திருக்கிறேன்.